வேலான் சிகரமும் ஒரு தாயின் கணக்கும்

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில், இத்தாலிய எல்லையை ஒட்டிய வாலே மாநிலத்தில், பூர்-சேன்-பியேர் என்னும் சிற்றூர் உள்ளது. புனித பெர்னார்து பெருங்கணவாய்க்குச் செல்லும் பழம்பாதையில், 1,632 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. கணவாயின் உச்சியில் புனித பெர்னார்து 11ஆம் நூற்றாண்டில் நிறுவிய வழிப்போக்கர் விடுதி இன்றும் இயங்குகிறது. குளிர்காலத்தில் சாலை மூடப்படும். விடுதியின் கதவு மூடப்படுவதில்லை. 1923இல் திருத்தந்தை 11ஆம் பத்திநாதர் இப்புனிதரை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அத்திருத்தந்தையே இளங்குருவாயிருந்தபோது, 1889இல், மோன்தே ரோசா மலையின் கிழக்கு முகத்தில் ஏறியவர்.

ஊருக்கு மேலே, 3,700 மீட்டரையும் கடந்து நிற்கிறது மோன் வேலான் என்னும் பனிச்சிகரம். 1779ஆம் ஆண்டு அதன் உச்சியை முதன்முதல் மிதித்தவர் ஒரு குருவானவர்: அவ்வூர்ப் பங்கைக் கவனித்துவந்த, பெர்னார்து விடுதித் துறவி முரித் அடிகளார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பிப்ரவரியில், விடுப்பில் சென்ற குரு ஒருவருக்குப் பதிலாக அப்பகுதியில் திருப்பலி நிறைவேற்றச் சென்றிருந்தேன். ஒருநாள் மாலை ஒரு குடும்பத்தார் என்னை உணவுக்கு அழைத்தனர். மேசைமீது அப்பத்திற்குப் பக்கத்தில் ஒரு நிலப்படம் விரிந்துகிடந்தது. அவ்வீட்டு மகனும், அவனுடைய தோழன் ஒருவனும், ஐம்பது வயது வழிகாட்டி ஒருவரும் வேலான் ஏறத் திட்டமிட்டுக்கொண்டிருந்தனர்.

அவர்களுடைய ஊர்தி 'ஸ்பிளிட்போர்ட்' எனப்படும் பலகை. அது நீளவாக்கில் இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு பாதியின் அடியிலும் பின்னுக்கு வழுக்காத மயிர்ப்பட்டையை ஒட்டிக்கொண்டு மேலேறுவர். உச்சியில் இரண்டையும் இணைத்து, ஒரே பலகையாய்ச் சறுக்கி இறங்குவர்.

வழியும் நேரமும் எழுதப்பட்டன. முதல் நாள் வால்சொரே பள்ளத்தாக்கு வழியாக ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறி, 2,642 மீட்டர் உயரத்திலுள்ள வேலான் மலைக்குடிலில் இரவைக் கழிப்பது; மறுநாள் இருள் விலகுமுன் புறப்பட்டு, பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, சங்கிலிகள் பொருத்திய செங்குத்தான கூய் கணவாயைக் கடந்து, பனியாற்றின் வழியே உச்சியை அடைவது. ஒன்பது மணிக்குள் கணவாயை எட்டாவிடில் திரும்புவது.

"இம்மலைக்கு மார்ச்சும் ஏப்ரலும் நல்லவை. அப்போது பனி இறுகியிருக்கும். இப்போதுள்ள மாவு போன்ற பனி, பனியாற்றின் பிளவுகளை மறைக்குமேயன்றி ஆளைத் தாங்குமென்று நம்புவதற்கில்லை. பகலும் குறுகியது" என்றார் வழிகாட்டி. ஆதலால் பனியாற்றில் மூவரும் இடைவெளிவிட்டு ஒரே கயிற்றில் பிணைந்து செல்வர். ஒருவன் பிளவில் விழுந்தால் மற்ற இருவரும் தாங்குவர். பனிச்சரிவில் புதைந்தவனைக் கண்டறிய ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கோல், சிறு மண்வாரி ஆகிய மூன்றும் இருக்கவேண்டும். புதைந்தவனுக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களே பெரும் நம்பிக்கை. வெளியாரின் உதவி அதற்குள் வந்து சேர்வது அரிது.

மாலை ஐந்து மணிக்குத் தாவோஸ் ஆய்வு நிலையத்தின் பனிச்சரிவு அறிக்கை வந்தது. ஐந்து நிலைகளில் அன்று இரண்டாம் நிலை. ஆயினும் மறுநாள் இரவு காற்று வலுக்கும் என்றிருந்தது.

இவ்வளவும் கேட்டிருந்த தாய், "போகாதே" என்று சொல்லவில்லை. "எந்தச் சரிவு முப்பது பாகையைத் தாண்டுகிறது? எங்கே திரும்புவீர்கள்? எத்தனை மணிக்கு நான் கவலைப்படத் தொடங்கவேண்டும்?" என்று கேட்டார். மகன் வழி, நேரம், மீட்புப்படையின் எண் 144 ஆகியவற்றைத் தாளில் எழுதி, "மாலை நான்கு மணி" என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தான். தாய் அதைச் சமையலறைக் கடிகாரத்தின் கீழ்ச் செருகிவைத்தார்.

"உச்சியை அடையும்படி செபியுங்கள், தந்தையே" என்றான் மகன். "திரும்பவேண்டிய இடத்தில் திரும்பும் மனத்தையும் சேர்த்துக் கேளுங்கள்" என்றார் வழிகாட்டி. அவ்வாறே செபித்தேன்.

மூன்றாம் நாள் நண்பகலுக்கு முன்னரே அவர்கள் வீடு வந்தனர். இரவுக் காற்று கணவாயின் அடிச்சரிவில் புதுப்பனியைக் குவித்திருந்ததாம். மிதித்த இடத்தில் 'உம்' என்றொரு முழக்கம் எழுந்து, பனி அடங்கி அமர்ந்ததாம். அங்கேயே திரும்பிவிட்டனர். மகனின் முகம் வாடியிருந்தது. தாய் எதுவும் பேசாமல் சூடான சூப்பை அவன்முன் வைத்தார். பின்பு கடிகாரத்தின் கீழிருந்த தாளை எடுத்து மடித்து, அடுப்பில் இடாமல், மேசை அறையில் பத்திரப்படுத்தினார். "ஏப்ரலில் தேவைப்படும்" என்றார்.

அன்பு வாசகர்களே, கோபுரம் கட்டப் புகுமுன் அமர்ந்து கணக்கிடும் மனிதனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை அடிக்கடி பிரசங்கித்திருக்கிறேன். அதன் பொருளை அந்தச் சமையலறையில்தான் முழுமையாக உணர்ந்தேன். தொலைதூர வேலைக்கோ, புதுத் தொழிலுக்கோ உங்கள் பிள்ளைகள் விடைகேட்டு நிற்கும் நாள் வரும். அன்று அவர்களைத் தடுக்கவும் வேண்டாம். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். உடனமர்ந்து கணக்குக் கேளுங்கள். திரும்பி வந்தால், சூப்பு ஆறாமல் இருக்கட்டும்.