கலயம் சிறிது, காரியம் பெரிது

சென்னையிலிருந்து தெற்கே பிரயாணம் செய்யும் வாசகிகளுக்கு ஒரு வேண்டுகோள். திண்டிவனம் தாண்டியதும் கண்ணயர்ந்து விடாதீர்கள். அங்கிருந்து விழுப்புரம் போகிற வழியில் வயலோரமும் ஏரிக்கரையுமாய்ப் பனைமரங்கள் வந்துகொண்டே இருக்கும். கோடைக் காலமானால் உச்சியைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சில மரங்களில் மட்டைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மண் கலயங்கள் தொங்கும். உங்கள் வீட்டு மோர்ச் சட்டியை விடப் பெரிதாக இராது. ஆனால் அதற்குள் என்ன பூசியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான், மரம் ஏறியவர் மாலையில் வீட்டுக்குப் போவாரா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவாரா என்பது தீர்மானமாகிறது!

விஷயம் இதுதான். பனம்பாளையை இடுக்கியால் நசுக்கிப் பக்குவப்படுத்தி, நுனியைத் தினம் மெல்லிசாகச் சீவி வந்தால் சாறு சொட்டும். சொட்டும்போது அது வெறும் சர்க்கரைத் தண்ணீர். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலேயே சர்க்கரை இருக்கும். காற்றிலும் பாளையிலும் உள்ள ஈஸ்ட் அதில் விழுந்ததும், நம் வீட்டு இட்லி மாவு பொங்குகிறதே, அந்த மாதிரிக் காரியம் நடக்கத் தொடங்கி விடும். சில மணி நேரத்தில் அது கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசிவிட்டாலோ ஈஸ்டுக்கு அந்த இடம் ஒத்துக்கொள்வதில்லை. சாறு தித்திப்பு மாறாமல் இறங்கும். அதுவே பதநீர். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிற கால்களும் அதே கால்கள். வித்தியாசமெல்லாம் பாட்டி வெற்றிலையில் தடவுகிறாளே, அந்தச் சுண்ணாம்புதான்.

இதற்குள்ளே எத்தனை அரசியல்! 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971-ல் கள்ளுக்கடை திறந்தது, 1973-ல் மூடியது, 1981-ல் மறுபடி திறந்தது, 1987 ஜனவரி முதல் தேதியோடு போனது போனதுதான். சீமைச் சரக்கு மட்டும் சர்க்கார் கடையிலேயே கிடைப்பானேன் என்று கேட்காதீர்கள். எனக்கும் அது விளங்கியதில்லை. கிழக்கே புதுச்சேரி எல்லைக்குள் கால் வைத்தால் லைசென்ஸுடன் கள்ளுக்கடை நடக்கிறது. விழுப்புரம் ஜில்லாவும் புதுச்சேரியும் விரல் கோத்த மாதிரிக் கலந்து கிடக்கிற பிரதேசம் அது. வரப்புக்கு இந்தப் பக்கம் குற்றம். அந்தப் பக்கம் வியாபாரம்.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்தில், சாலையோரத்தில் பதநீர் விற்கும் ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். கணவர் இறக்குவார், இந்த அம்மாள் விற்பாள், மிஞ்சியதைக் காய்ச்சி வெல்லம் கட்டுவாள்.

"சுண்ணாம்பு எவ்வளவு போடணும், ஆயா?" என்றேன்.

"அளவு எல்லாம் கையிலதான் கண்ணு. கொறஞ்சா புளிச்சிடும், மிஞ்சினா நாக்கு வெந்துடும். புளிச்ச தண்ணியக் காய்ச்சினா வெல்லம் கட்டாது. பாகாவே கெடக்கும். எரிச்ச வெறகும் போச்சு, என் இடுப்பும் போச்சு."

மரத்தின் மேலே சுண்ணாம்பு ஒரு சிட்டிகை குறைந்தால் கீழே அடுப்படியில் ஒரு பெண்ணின் நாள் வீணாகிறது. பதநீரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏறுகிற ஆண் பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள். மணிக்கணக்காகக் கிளறுகிறவளை யார் பார்க்கிறார்கள்?

கலயம் மண்ணாக இருப்பதிலும் சூட்சுமம் உண்டு. மண்ணின் நுண்ணிய துவாரங்கள் வழியே ஈரம் கசிந்து, வெயிலிலும் உள்ளே இருப்பது குளிர்ந்திருக்கும். அதே துவாரங்களில் போன தடவை புளித்ததன் மிச்சமும் ஒளிந்துகொள்ளும். அதனால் கள்ளுக்குப் பழகிய கலயம் கிடைத்தால் சீக்கிரம் புளிக்கும். பதநீர்க் கலயத்தையோ கழுவிக் காயவைத்து, ஒவ்வொரு தடவையும் புதிதாய்ச் சுண்ணாம்பு பூசியாக வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான கவலை. 1978-ல் அங்கே வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. நுரையையும் வாயுவையும் வெளியே விடாமல் அடைத்து வைக்கச் சின்னப் பீப்பாய் வேண்டுமே! சோடாக் கம்பெனிகள் தங்கள் சரக்கைப் பிளாஸ்டிக் பைகளுக்கு மாற்றியபோது கழித்துவிட்ட எஃகுப் பாத்திரங்கள் அவர்கள் கையில் வந்து சேர்ந்தன. 'கார்னீலியஸ்' என்று பெயர். சுமார் 19 லிட்டர் கொள்ளும், அழுத்தம் தாங்கும், மிஞ்சினால் திறந்துகொள்ள ஒரு வால்வும் உண்டு.

நம் ஊரிலும் சோடாக் கம்பெனியின் கழிவுதான் வந்திருக்கிறது. பழைய பிளாஸ்டிக் பாட்டில்! அதற்கு வால்வு ஏது? அன்று மாலை என் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள், காலையில் திண்டிவனத்தில் வாங்கிய பதநீரைத் திருகி மூடி, விழுப்புரத்துக் கல்யாணம் முடியும்வரை பையிலேயே வைத்திருந்தாள். தாம்பரம் நெருங்குகையில் பாட்டில் பூசணிக்காயாக உப்பியிருந்தது. பேத்தி ஆசையாய்த் திறந்தாள். பட்டுப்புடவை, முன் ஸீட்டுக்காரர் வழுக்கைத் தலை, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றுக்கும் அபிஷேகம். "பதநீர்தானே வாங்கினேன்!" என்று அந்த அம்மாள் பரிதாபமாகக் கேட்டாள். வாங்கியது பதநீர்தான். வழியிலே கள்ளாகி விட்டது.

ஆகவே வாங்கினால் அங்கேயே பனையோலைப் பட்டையில் ஊற்றிக் குடித்துவிடுங்கள்; நுங்கு போட்டுக் கொடுத்தால் வேண்டாமென்று சொல்லாதீர்கள். வீட்டுக்கு வேண்டுமானால் வாயகன்ற தூக்குப் பாத்திரத்தில் வாங்கி, மேலே துணி கட்டுங்கள். அடியில் சுண்ணாம்பு படிந்ததும் மேலாக இறுத்து, மத்தியானத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இல்லையேல் உடனே அடுப்பில் ஏற்றிப் பாகாக்கிவிடுங்கள். அந்தப் பாகில் பொங்கல் வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி கடைச் சர்க்கரையைத் தேட மாட்டார்கள்.

அந்த ஆயாவிடம் கலயம் எங்கே வாங்குகிறீர்கள் என்றும் கேட்டேன்.

"முன்னே குயவர் வண்டியிலே கொண்டாந்து எறக்குவாரு. இப்போ பொங்கப் பானைதான் செய்யறாரு. கலயம் வேணும்னா முன்கூட்டியே சொல்லி வைக்கணும். பத்து சொன்னா ஆறு தராரு. எங்க வூட்டுக்காரரு எறக்கறப்ப அதுல ஒண்ணு ஒடஞ்சா அன்னிக்கு ஒரு மரம் சும்மா நிக்கும்" என்றாள், எனக்குப் பட்டையில் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டே.