ஸ்கேன் மெஷினும் யாரும் பேசாத தசையும்

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் தேர்ச் சக்கரத்தையும், ஒரே தலையில் யானையும் காளையுமாகத் தெரியும் அந்தச் சிற்பத்தையும் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். இரண்டாம் ராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில், 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொஞ்சம் பொறுமையாகச் சுற்றினால் சின்னதாக இன்னொரு சிற்பமும் கண்ணில் படும். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருக்க, ஒருத்திக்குப் பிரசவம். கோயிலில் இதையெல்லாமா செதுக்குவார்கள் என்று சிலர் நெளிவார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சிற்பிக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை.

பிரசவம் வரைக்கும் இந்தப் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது. கும்பகோணம், பாபநாசம் பக்கம் போனால் திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை. கர்ப்பிணிகள் அங்கே பிரசாதமாகக் கொடுக்கும் விளக்கெண்ணெயை வாங்கிவந்து வயிற்றில் தடவிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் ஜெல்லைத் தடவுவதும் அதே வயிற்றில்தான்! பிள்ளை பிறந்த பிறகு பத்தியம் உண்டு, வயிற்றில் துணி கட்டுவது உண்டு, காயம் அரைத்துக் கொடுப்பது உண்டு. அதற்குப் பிறகு? நாற்பது வயதில் இருமினால் இரண்டு சொட்டு சிறுநீர் போகிறது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் கீழே ஏதோ கனமாக இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு அம்மா சொன்னால், அதற்கு நேர்த்தியும் கிடையாது, பத்தியமும் கிடையாது. "அடி இறங்கிடுச்சு" என்று தாழ்ந்த குரலில் இன்னொரு பெண்ணிடம் சொல்வதோடு சரி. டாக்டரிடம் போவது பத்து வருஷம் கழித்து.

செங்கல்பட்டுப் பகுதியில் 1981ல் தொடங்கிய ரூவ்செக் என்ற கிராமப்புறப் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் டி.கே. சுந்தரி ரவீந்திரன். கருப்பை இறங்கிய தமிழ்நாட்டுப் பெண்களின் அனுபவங்களை அவரும் உடன் இருந்தவர்களும் கேட்டு எழுதியது 1999ல் வெளிவந்தது. அந்த மாதிரி முயற்சிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

சரி, விஷயத்துக்கு வருவோம். இடுப்பு எலும்பின் அடியில், முன்னால் இருக்கும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும், தூளி கட்டின மாதிரி ஒரு தசைப் படலம் இருக்கிறது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வருவது இந்தத் தூளியின் நடுவில் உள்ள இடைவெளி வழியாக. தசை அப்போது பல மடங்கு இழுபடும். பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடும். சிலருக்கு எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்திலேயே பிய்ந்துவிடும். சுகப்பிரசவம் ஆனவர்களில் 10 முதல் 30 சதவிகிதம் பேருக்கு இப்படி ஆவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆயுதம் போட்டு எடுத்தால் இன்னும் அதிகம். தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவிகிதம் சிசேரியன். பாதிக்கு மேல் இன்னும் சுகப்பிரசவம்தான். சிசேரியன் ஆனவர்களும் முழுக்கத் தப்பித்தார்கள் என்றில்லை, ஒன்பது மாதச் சுமையைத் தாங்கியதும் இதே தசைதான். அதன் பிறகு கனம் தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கல், வயது என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சம்பா நடவு முடித்து அறுப்புக்குப் போய், வீட்டுக்கு வந்து குடம் தூக்குகிற ஒரு டெல்டா பெண்ணிடம் "கனம் தூக்காதீங்கம்மா" என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

இந்தத் தசைக்குப் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் ஆர்னால்ட் கெகல் என்ற மகப்பேறு டாக்டர் 1948ல் எழுதியது. அவர் பெயரிலேயே கெகல் பயிற்சி என்கிறார்கள். சிறுநீரை அடக்குவது போலத் தசையை இறுக்கி மேலே இழுத்து, பிறகு விட வேண்டும். கேட்க ரொம்பச் சுலபம். மகளிர் பத்திரிகைகளில் கால் பக்கக் குறிப்பாக வந்துவிடும். கஷ்டம் என்னவென்றால், கையை மடக்கினால் மடங்குவது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. 1991ல் ரிச்சர்ட் பம்ப் என்ற டாக்டர் 47 பெண்களுக்கு வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டு சரியாகச் செய்கிறார்களா என்று அளந்து பார்த்தார். சரியாகச் செய்தவர்கள் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. கால்வாசிப் பேர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கினார்கள். அதாவது எந்த வியாதியைக் குணப்படுத்த வந்தார்களோ அதையே வளர்க்கிற பயிற்சி. தினமும், சிரத்தையாக!

ஸ்கேன் உதவிக்கு வருவது இங்கேதான். 1958ல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் நண்பர்களும் வயிற்றுக் கட்டிகளை ஒலி அலையால் பார்த்து லான்செட்டில் எழுதியதிலிருந்து, அல்ட்ராசவுண்ட் என்றாலே நமக்கு வயிற்றுப் பிள்ளைதான். ஆனால் அதே மெஷினில், அதே வளைந்த ப்ரோபை அடிவயிற்றில் எலும்புக்குச் சற்று மேலே வைத்தால், நிரம்பிய மூத்திரப்பை கருப்பாகத் தெரியும். தண்ணீர் எதிரொலிக்காது, அதனால் கருப்பு. தசையை இறுக்கச் சொன்னால் அந்தக் கருப்பின் அடிப்பக்கம் மெல்ல மேலே எழும்பும். முக்கினால் கீழே இறங்கும். இவ்வளவுதான் சங்கதி. படிக்காத பாட்டிகூட ஸ்கிரீனைப் பார்த்து "ஓ, இப்படியா" என்று திருத்திக்கொள்ளலாம். மூத்திரப்பை நிறைய தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும், அது ஒன்றுதான் தொந்தரவு.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் ப்ரோபுக்கு உறை மாட்டி, கீழே வெளிப்புறமாகவே வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே எதுவும் செலுத்த வேண்டியதில்லை. முன்னெலும்பு, மூத்திரக் குழாய், மூத்திரப்பை, கருப்பைப் பாதை, மலக்குடல் எல்லாம் ஒரே படத்தில் வரிசையாக வரும். சிட்னியில் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் என்ற டாக்டர் இந்த முறையில் ஏராளமாக ஆராய்ந்தார். முக்கும்போது தசையின் நடு இடைவெளி 25 சதுர செ.மீ.க்கு மேல் விரிந்தால் அது அளவுக்கு மீறியது என்ற கணக்கும் அந்த வகை ஆராய்ச்சியில் வந்ததே. தசை எலும்பிலிருந்து பிய்ந்திருந்தால் அதையும் காட்டிவிடும். பிய்ந்த தசையை எந்தப் பயிற்சியும் திரும்ப ஒட்டவைக்காது. அந்த அம்மாவிடம் "நீங்க சரியா பண்ணலை, அதான் சரியாகலை" என்று ஆறு மாதம் திட்டிக்கொண்டிருப்பதை ஒரு படம் நிறுத்திவிடும்.

இதை பிசியோதெரபிஸ்டுகளே கற்றுக்கொண்டு செய்யலாமே என்ற யோசனை வெளிநாடுகளில் பழையது. 2006 மே மாதம் டெக்சாஸ் சான் அன்டோனியோவில் கூடி, மறுவாழ்வு சிகிச்சைக்கான அல்ட்ராசவுண்ட் என்று இதற்குத் தனிப்பெயரே வைத்தார்கள். நோயைக் கண்டுபிடிக்க அல்ல, தசை வேலை செய்கிற விதத்தைப் பார்க்க, நோயாளிக்குக் காட்டிக் கற்றுக்கொடுக்க என்று எல்லையையும் பேசிக்கொண்டார்கள்.

இதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. சைக்கிள் மாதிரி. ப்ரோபில் ஒரு பக்கம் சின்ன மேடு இருக்கும், அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப ஸ்கிரீனில் இடம் வலமாகும். புதிதாகப் பிடிப்பவர்களுக்கு முதலில் அதுவே குழப்பும். பிறகு அழுத்தம். லேசாகப் பிடித்தால் படம் வராது, அழுத்திப் பிடித்தால் பார்க்க வந்த அசைவையே அமுக்கிவிடும், நிரம்பிய மூத்திரப்பையோடு படுத்திருப்பவர் பாவம். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு. நோயாளி வயிற்றை இறுக்கியதும் ப்ரோப் கொஞ்சம் ஏறும், சாயும். ஸ்கிரீனில் மூத்திரப்பை அசைந்த மாதிரி இருக்கும். அசைந்தது கை! தசையா கையா என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதற்குத்தான் நேரடிப் பயிற்சி. ஒருவர் படுக்க, ஒருவர் பிடிக்க, தெரிந்தவர் பின்னால் நின்று மணிக்கட்டைத் திருத்த வேண்டும். எலும்பு வெள்ளையாகவும் அதன் பின்னால் நிழலாகவும் தெரிவது, வாயு படத்தைக் கெடுப்பது எல்லாம் கண்ணுக்குப் பழக ஐம்பது அறுபது உடம்பாவது பார்க்க வேண்டாமா? பெண்களை எப்படிப் பேசிச் சம்மதிக்கவைப்பது, எப்படி மறைவு கொடுப்பது, வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது என்பதும் அதே பயிற்சியில் பாதி.

நம்மூரில்? பிசியோதெரபி கிளினிக்குகளில் அல்ட்ராசவுண்ட் என்று ஒன்று பல வருஷமாக இருக்கிறது. முட்டி வலி, தோள் வலிக்கு வைப்பார்கள். அது 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் தசைக்குச் சூடு கொடுக்கிற கருவி, படம் எதுவும் வராது. பெயர் ஒன்று, வேலை வேறு. படம் காட்டுகிற மெஷின் என்றால் சட்டம் நடுவில் வந்து நிற்கிறது.

வரவேண்டிய காரணத்தோடுதான் வந்தது. பெண் சிசுக்கொலைக்காகத் தமிழக அரசு 1992ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. பிறகு தொட்டில் வரைக்கும் போக வேண்டிய அவசியமே இல்லாமல் ஸ்கேன் மெஷின் அந்த வேலையைச் செய்தது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1000 ஆணுக்கு இத்தனை பெண் என்ற கணக்கு இந்தியா முழுக்க 1991ல் 945, 2001ல் 927. 1994ல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் போட்டு, 1996ல் அமலாக்கி, 2003ல் இறுக்கினார்கள். பதிவு செய்யாத யாருக்கும் ஸ்கேன் மெஷினை விற்கவே கூடாது. எடுத்துப் போகும் சின்ன மெஷினுக்கு 2012ல் தனிக் கட்டுப்பாடு. மீறினால் முதல் தடவைக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், ஜாமீனில் வர முடியாத குற்றம். மெஷினை இயக்கத் தகுதியானவர்கள் பட்டியலில் மகப்பேறு டாக்டர், ஸ்கேன் நிபுணர், பயிற்சி பெற்ற எம்.பி.பி.எஸ். டாக்டர் இருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் இல்லை. மயக்க மருந்து டாக்டர்கள் நரம்பைத் தேட வைத்திருக்கும் மெஷினுக்குக்கூடப் பதிவு கேட்கிற சட்டம் இது.

கர்ப்பமே இல்லாத ஐம்பது வயது அம்மாவின் தசையைப் பார்ப்பதில் ஆணா பெண்ணா என்ற கேள்வி எங்கே வருகிறது என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் ப்ரோப் அதே ப்ரோப். காலையில் தசை பார்த்த மெஷின் சாயங்காலம் வேறு வேலை பார்க்காது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? பிறக்கவிடாமல் செய்யப்பட்ட பெண்களுக்காக வந்த சட்டம், பிள்ளை பெற்றுப் பாதிக்கப்பட்ட பெண்களுக்குக் குறுக்கே நிற்கிறது. இரண்டு பக்கமும் பெண்கள்தான். இதில் சட்டத்தைத் தளர்த்து என்று சட்டென்று சொல்லிவிட மனம் வருவதில்லை. 927 என்ற எண் அப்படி.

ஆனால் சட்டத்தைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பதிவான மெஷின், பதிவான அறை, ப்ரோப் டாக்டர் கையில். பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் நின்று "இப்ப இழுங்கம்மா, மூச்சை அடக்காதீங்க, முக்காதீங்க" என்று ஸ்கிரீனைக் காட்டிச் சொல்லலாம். தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி மாதிரி மகப்பேறுக்கென்றே இருக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் மெஷினும் உண்டு, டாக்டரும் உண்டு. பிசியோதெரபி மாணவர்கள் படத்தைப் படிக்கவாவது அங்கே கற்கலாம். பிடிப்பதற்குத்தானே தடை, பார்ப்பதற்கு இல்லையே. பிசியோதெரபியையும் சேர்த்து 2021ல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. யார் எதைச் செய்யலாம் என்ற பேச்சை எடுக்க வேண்டிய இடம் அதுதான்.

மெஷின் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று குதிக்கவும் வேண்டாம். ஸ்கேன் இல்லாமல், தசையின் மின்சாரத்தை அளந்து காட்டும் கருவியை வைத்து 600 பெண்களிடம் பிரிட்டனில் செய்த பெரிய ஆய்வு 2020ல் வெளிவந்தது. ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்த பயிற்சியோடு கருவியைச் சேர்த்ததில் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. அங்கே எல்லோருக்கும் ஒரு தெரபிஸ்ட் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார் என்பதை மறக்கக் கூடாது. 2019ல் வந்த பிரிட்டிஷ் அரசு வழிகாட்டியும் அதையேதான் கேட்கிறது: முதலில் தசை இறுகுகிறதா என்று கையுறை விரலால் பரிசோதனை, பிறகு ஒருவர் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு குறைந்தது எட்டு தடவை. கையுறை விரலுக்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள். பக்கவாதம் வந்தவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று பார்க்கிறார்கள். தாராசுரத்தில் சௌராஷ்டிரர் தெருவில் குழித்தறியில் பட்டு நெய்யும் வீட்டுக்கு அப்படி ஒருவர் வருகிறார், தாத்தாவின் முட்டியைப் பார்க்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது உள்ளே நூல் சுற்றிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் தனியாக "இருமினா, தும்மினா சிறுநீர் போகுதாம்மா?" என்று ஒரு கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? வருகிறவர் பெண்ணாக இருந்தால் பதிலும் கிடைக்கும்.