சினத்தின் சாயல்கள்

'சர்லி' என்பது ஓர் ஆங்கிலச் சொல். 'சர்' என்னும் மதிப்புப் பெயரிலிருந்து பிறந்தது. பெருமகனைப் போன்ற தோரணை உடையவன் என்பதே அதன் பழம்பொருள். தோரணை செருக்காகி, செருக்கு கடுஞ்சொல்லாகி, இன்று வழி கேட்டவரிடமும் வெடுக்கென்று பேசுபவனைக் குறிக்கிறது. 'சல்லன்' என்பதோ தனிமையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. அத்தகையவன் எவரையும் கடிந்துகொள்வதில்லை. பேச்சை அடக்கிக்கொண்டு, முகம் இருண்டு ஒதுங்கியிருப்பான். மழைக்கு முன் மூடிக்கிடக்கும் வானத்தையும் ஆங்கிலேயர் இச்சொல்லால் குறிப்பதுண்டு.

என் கையகராதி இவ்விரண்டிற்கும் 'சிடுசிடுப்பான' என்ற ஒரே பொருளைத் தருகிறது. ஆங்கிலச் சிறுகதை ஒன்றை மொழிபெயர்த்தபோது அது எனக்குப் போதவில்லை. தாயை இழந்த சிறுவன் ஒருவனை அக்கதை 'சல்லன்' என்கிறது. அவனைச் சிடுமூஞ்சியாக்கினால், தமிழில் படிப்பவர் அவன் துயரைக் காணார், வளர்ப்பைக் குறைகூறுவர். 'உம்மணாமூஞ்சி' என்றாலோ நகைப்பு வந்துவிடும். ஊடல், புலவி எனப் பிணக்கின் நுட்பங்களைப் பிரித்தறிந்த மொழி நம்முடையது. திருக்குறளின் இறுதி மூன்று அதிகாரங்களும் அதற்கே உரியவை. ஆயினும் ஊடுபவருக்கு எதிரே, உணர்த்தித் தேற்ற ஒருவர் இருக்கிறார். இச்சிறுவனுக்கு அவர் இல்லை. ஆகவே 'வாய் திறவாது இறுகிக் கிடந்தான்' என்று எழுதினேன். ஒரு சொல்லுக்கு நான்கு சொற்கள் செலவாயின, செலவு தகும்.

'பெட்டுலன்ட்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டது கிடைக்காத குழந்தையின் சிணுங்கல் அது. வளர்ந்தவருக்குச் சொன்னால் ஏளனமாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது 'கர்மட்ஜன்'. முதுமையைச் சற்றே கூட்டிக்கொண்டால், நம் ஊர் 'முசுடு' இதற்குச் சரியாகப் பொருந்தும். இதன் வேர் இன்றும் விளங்கவில்லை. தீய நெஞ்சம் எனப் பொருள்படும் 'கேர் மேஷான்' என்னும் பிரெஞ்சுத் தொடரின் திரிபே இது என்று 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் எழுதினார்; அக்கருத்தை அனுப்பியவர் பெயர் அறியாத கடித அன்பர் ஒருவர் என்பதையும் அருகிலேயே குறித்தார். 1775இல் அகராதி வெளியிட்ட ஜான் ஆஷ், அக்குறிப்பையே சொற்பொருளாகக் கொண்டுவிட்டார். 'கேர்' என்றால் 'அறியப்படாத', 'மேஷான்' என்றால் 'கடிதம் எழுதுபவர்' என்று அச்சிலும் ஏற்றிவிட்டார். ஜான்சன் அப்போது உயிரோடுதான் இருந்தார்.