அப்பா ஒரு டாக்டர்

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? நான் டாக்டர். நம்பவில்லை என்றால் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனின் ஆங்கில நோட்டைப் பாருங்கள். 'மை ஃபாதர் இஸ் எ டாக்டர்' என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறான். பத்துக்குப் பத்து. பக்கத்தில் ஒரு ஸ்டார் வேறு!

"ஏன்டா, அப்பா பத்திரிகையில வேலை பார்க்கறது தெரியாதா உனக்கு?"

"தெரியும்ப்பா. போர்டுல டாக்டர்னுதான் இருந்துச்சு. மாத்தினா மார்க் போயிடும்."

நான் பி.காம். கட்டிய ஃபீஸுக்கு வரவு என்ன என்று கணக்குப் பார்த்தேன். அழகான கையெழுத்து. ஒரு பிழை கிடையாது. அந்த வகுப்பில் எல்லா அப்பாக்களும் டாக்டர்கள்.

2008-ல் ஒரு கட்டுரைக்காகச் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குப் போனது ஞாபகம் வந்தது. 2003-ல் மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த 'செயல்வழிக் கற்றல்' 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்த நேரம். வகுப்பில் பெஞ்சு இல்லை, பாய்தான். டீச்சரும் தரையில். ஏணி மாதிரி வரைந்த சார்ட்டில் தன் படி எது என்று பார்த்து, பிள்ளைகளே அதற்கான அட்டையை எடுத்து வந்தார்கள். சுவர் ஓரமாக, அவர்கள் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம்.

ஒரு சிறுமி தன் கட்டத்தில் எழுதியிருந்தாள்: 'எங்க அப்பா ஆட்டோ ஓட்டும். நேத்து செறுப்பு வாங்கினு வந்துச்சு.'

அந்த 'று'வைத் திருத்த எனக்குக் கை பரபரத்தது. டீச்சரோ, "என்ன கலரு?" என்றார். அவள் ஓடிப்போய், மிச்சமிருந்த இடுக்கில் 'செகப்பு' என்று சேர்த்தாள்.

"எழுத்தை நாளைக்குத் திருத்திக்கலாம் சார். சொல்ல வந்ததை இன்னிக்கு விட்டா போச்சு" என்றார் டீச்சர். அட்டை ஒன்று தொலைந்தால் ஏணி அங்கேயே நின்றுவிடுகிறது என்று புலம்பவும் செய்தார்.

2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று, பிள்ளை நிற்கிற இடத்திலிருந்துதான் பாடம் தொடங்குகிறது.

அந்தப் பள்ளியைப் புகழ்ந்து அன்று இரண்டு பக்கம் எழுதினேன். ஆனால், என் மகனை அப்படி ஒரு பள்ளியில் சேர்க்கவில்லை. உங்களில் பலரும் என் கட்சிதான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

அன்று ராத்திரி ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, "அப்பாவைப் பத்தித் தமிழ்லயே எழுது" என்றேன்.

"எதைப் பார்த்து எழுதணும்?"

"என்னைப் பார்த்து."

நிஜமாகவே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுதினான்: 'அப்பா லேட்டா வறுவார்.'

மறுபடியும் அதே 'று'. கையைக் கட்டிக்கொண்டு, "எத்தனை மணிக்கு?" என்றேன்.

'நான் தூங்குன அப்புரம்' என்று அடுத்த வரி எழுதினான்.

இரண்டு வரி, இரண்டு பிழை. பத்துக்குப் பத்து போட்டேன். வேறென்ன செய்ய?