கணக்கு, கணக்குப் பீரியடில் மட்டும்தானா?

திருத்தணி மலைக்கு எத்தனை படி என்று கேட்டால் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் யோசிக்காமல் 365 என்பார்கள். வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை படி. டிசம்பர் 31 அன்று படித் திருவிழா வேறு. அப்படியானால் லீப் வருஷத்தில் மிஞ்சும் ஒரு நாளுக்கு எந்தப் படி சார்? என்று ஒரு வாண்டு எழுந்து கேட்டால், "உட்காருடா அதிகப்பிரசங்கி" என்று சொல்லாத ஒரு ஆசிரியர் வேண்டும். அவர் கணக்கு வாத்தியாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நம் பள்ளிக்கூடங்களில் கணக்கு என்பது ஒரு பீரியட். மணி அடித்ததும் மூடி வைத்துவிட வேண்டியதுதான். ஒன்பதாவதில் சராசரி, இடைநிலை, முகடு, பத்தாவதில் திட்டவிலக்கம். எல்லாம் போட வரும். அதே பையனிடம் சமூக அறிவியல் புத்தகத்தில் உள்ள எழுத்தறிவு விகிதத்தைக் காட்டி, "80 சதவீதம் என்றால் எதில் 80?" என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பான்.

2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் வந்த புதிய தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு பெட்டி சேர்த்தார்கள். பக்கத்திலேயே கட்டம் கட்டமாக ஒரு குறியீடு, அலைபேசியைக் காட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். கணக்கில் பெரும்பாலும் ஜியோஜீப்ரா. அறிவியலிலும் சமூக அறிவியலிலும் கூட அந்தப் பெட்டி உண்டு. நல்ல முயற்சிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஜியோஜீப்ராவில் சறுக்கியை இழுத்தால் வட்டம் பெரிதாகும், சின்னதாகும். பார்க்க அழகு. அந்த எண் எங்கிருந்து வந்தது, யார் எண்ணினார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. அதற்கு நிஜமான புள்ளிவிவரம் வேண்டும். சொந்த ஊருடையது என்றால் இன்னும் நல்லது.

சென்னை-திருப்பதி சாலையில் இருக்கும் கனகம்மாசத்திரத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமவாரி அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. திருவள்ளூர் மாவட்டக் கோப்பைத் தரவிறக்கி, திருத்தணி வட்டத்துக்குப் போனால் ஊர் ஊராக ஆண், பெண், 6 வயது வரையுள்ள குழந்தைகள், எழுத்தறிவு பெற்றவர்கள், உழைப்பாளர்கள் என்று வரிசையாக இருக்கும். (ஊர்ப் பெயரெல்லாம் ஆங்கில எழுத்தில். எழுத்துக்கூட்டல் சில இடங்களில் விநோதமாக இருக்கும், பொறுமை தேவை!) திறக்க எக்செல் வேண்டுமென்றில்லை, இலவச லிப்ரே ஆபிஸ் போதும்.

முதல் பாடம் இதுதான். 2011-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030. எழுத்தறிவு பெற்றவர்கள் 5,18,37,507. வகுத்துப் பார்த்தால் 71.85 சதவீதம் வரும். ஆனால் அரசாங்கம் வெளியிட்ட விகிதம் 80.09. யார் தப்பு? யாரும் தப்பில்லை. 6 வயது வரையுள்ள 74,23,832 குழந்தைகளைக் கழித்துவிட்டு, 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களால் வகுக்க வேண்டும். அப்போது 80.09 வரும். மேலே இருக்கும் எண் மாறவில்லை, கீழே இருக்கும் எண்தான் மாறியது. இந்த ஒரு கணக்கை ஒரு மாணவன் தன் ஊர் எண்களை வைத்துத் தானே போட்டுவிட்டால், அப்புறம் செய்தித்தாளில் எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் அவன் கண் கீழே இருக்கும் எண்ணைத்தான் தேடும்.

அடுத்து வரலாறு. திருத்தணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இந்த வட்டாரம் தமிழ்நாட்டில் இருப்பதே ஒரு சதவீதக் கணக்கால்தான். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் தீர்ப்பு, 1959-ல் சட்டம், 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தில். இவ்வளவும் பாடத்தில் வருடங்களாக மனப்பாடம் ஆகிவிடும். படாஸ்கர் எப்படிப் பிரித்தார் என்பதுதான் சுவாரசியம். கிராமத்தை அலகாக வைத்தார். அங்கே எந்த மொழி பேசுவோர் அதிகம், அந்தக் கிராமம் எந்தப் பக்கத்தோடு நிலத்தால் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்.

அலகு ஏன் முக்கியம்? ஒரு கற்பனைக் கணக்கு. மூன்று கிராமங்கள். முதலாவதில் 600 பேர், அதில் தமிழர் 400. இரண்டாவதில் 500 பேர், தமிழர் 300. மூன்றாவது பெரிய ஊர், 1,400 பேர், தமிழர் 400. மீதி எல்லோரும் தெலுங்கர். மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் 2,500 பேரில் தமிழர் 1,100, அதாவது 44 சதவீதம். மொத்தமும் ஆந்திராவுக்கு. கிராமம் கிராமமாகப் பார்த்தால் இரண்டு ஊர் தமிழ்நாட்டுக்கு, ஒன்று ஆந்திராவுக்கு. ஆட்களில் ஒருவர்கூட மாறவில்லை! இப்போது அந்தப் பெரிய ஊர் மற்ற இரண்டுக்கும் நடுவில், நாலு பக்கமும் தமிழ்க் கிராமங்கள் சூழ இருந்தால் என்ன செய்வது? எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொன்னால் ஒரு வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும். வீட்டில் தெலுங்கு பேசி, தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் நிறைய இருக்கும் வட்டாரம் இது. அவர்களுக்கு இது வெறும் பயிற்சிக் கணக்காக இருக்காது. "வீட்டில் ரெண்டும் பேசுவோம் சார், எதில் எழுதுவீங்க?" என்ற கேள்வி வந்தே தீரும். கணக்கெடுப்பில் தாய்மொழி என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத முடியும். 2011 தாய்மொழி அட்டவணை வட்ட அளவு வரை இணையத்தில் இருக்கிறது. எத்தனை தாய்மொழிகள் பதிவாகியிருக்கின்றன என்று தேடிப் பார்க்கலாம்.

தமிழ் வகுப்புக்கும் பங்கு உண்டு. பக்கத்தில் திருவாலங்காடு. அங்கே கிடைத்த முதலாம் இராசேந்திர சோழனின் செப்பேடுகள் 31 ஏடுகள், பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த சேதியைச் சொல்பவை. இருபது மா ஒரு வேலி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். மா என்ற பின்னமே 1/20 தான். பின்னக் கணக்கை இப்படிச் சொன்னால் யாருக்குக் கசக்கும்?

புவியியலுக்குத் தண்ணீர். கனகம்மாசத்திரத்திலிருந்து பூண்டி ரொம்பத் தூரமில்லை. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடித்த சத்தியமூர்த்தி சாகர். சென்னைக் குடிநீர் வாரியம் தன் தளத்தில் தினமும் ஏரி நிலவரம் போடுகிறது: கொள்ளளவு, இன்றைய இருப்பு, போன வருஷம் இதே நாளில் இருப்பு. பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்று பெருக்கினால் சுமார் 9,150 கோடி லிட்டர். சென்னைக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் முழுப் பூண்டியும் மூன்று மாதத்துக்குத்தான். வெயிலில் ஆவியாவதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 2019 கோடையில் சென்னை ஏன் அப்படித் தவித்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இன்னொரு புதிர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் நிரம்பினால் 3,231 + 1,081 + 3,300 + 3,645, மொத்தம் 11,257 மில்லியன் கன அடி. 1983 தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி ஆந்திரா வருஷத்துக்குக் கொடுக்க வேண்டியது 12 டி.எம்.சி., அதாவது 12,000 மில்லியன் கன அடி. நாலு ஏரியிலும் கொள்ளாத தண்ணீரை வாங்கி எங்கே வைப்பது? ஒரு நிமிஷம் யோசித்தால் பிடிபடும். ஏரியில் இருப்பது இருப்பு, ஒப்பந்தத்தில் இருப்பது வரத்து. வந்துகொண்டே இருக்கும், செலவாகிக்கொண்டே இருக்கும். இதையே வணிகவியல் மாணவனிடம் வங்கி இருப்பு, மாதச் சம்பளம் என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று புரிந்துகொள்வான்.

இதையெல்லாம் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஸ்வீடனின் ஹான்ஸ் ரோஸ்லிங். டாக்டர். 1972-ல் பெங்களூரில் கொஞ்ச காலம் படித்தவர். உலக நாடுகளின் ஆயுளையும் வருமானத்தையும் குமிழிகளாக ஓடவிட்ட கேப்மைண்டர் அவருடையது. 2017-ல் காலமாகிவிட்டார், தளம் இன்னும் இருக்கிறது. இந்தியாவின் குமிழி நகர்வதைப் பார்த்துவிட்டு ஊர் அட்டவணைக்கு வந்தால் வகுப்புக்கு ஒரு உற்சாகம் இருக்கும். ஆனால் குமிழியோடு நின்றுவிடக் கூடாது. படத்தை மென்பொருள் ஒரு நொடியில் வரைந்துவிடும். எதை எதால் வகுக்கலாம் என்று அது சொல்லித்தராது, அது ஆசிரியர் வேலை. கம்ப்யூட்டர் இல்லாவிட்டால்கூட அட்டவணையை அச்செடுத்துக் கொடுத்துக் கரும்பலகையில் செய்துவிடலாம்.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. கையில் இருப்பது 2011 எண்கள்தான். இன்று 14 வயது நிரம்பாத ஒரு பிள்ளையும் அந்த அட்டவணையில் கிடையாது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் ஊர் மக்கள்தொகையைத் திரையில் பார்க்கிறாள், அதில் அவள் இல்லை. அண்ணன் ஒருவேளை 6 வயது வரையுள்ளோர் கட்டத்தில் இருக்கலாம். அப்படியானால் இப்போது ஊரில் எத்தனை பேர்? பள்ளி வருகைப் பதிவேடு, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் இவற்றில் எதை வைத்து மதிப்பிடுவது, ஒவ்வொன்றிலும் யார் விட்டுப்போவார்கள்? அந்த வகுப்புக்கு அடுத்த வார வீட்டுப்பாடம் அதுவாக இருக்கலாம்.