நடுவில் இருந்த கல்

அப்பாவின் வருடத் திதி முடிந்த மறுநாள், அம்மா பீரோவிலிருந்து அவருடைய நவரத்தின மோதிரத்தை எடுத்து எங்கள் மூவர் முன் வைத்தார். பிள்ளைகள் மூவர், மோதிரமோ ஒன்று. விற்றுப் பகிர்ந்துகொள்வது என முடிவு செய்து, கடலூரில் எங்களுக்குப் பழக்கமான நகை மதிப்பீட்டாளர் ஒருவரிடம் கொண்டு சென்றோம். அவர் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்தி நெடுநேரம் பார்த்தார். "முத்து வளர்ப்பு முத்து. சுற்றியுள்ள மற்ற ஏழும் சிறியவை, குறையுள்ளவை, ஆனால் இயற்கையானவை. நடுவில் இருக்கிற மாணிக்கம்தான் செயற்கை" என்றார். எங்களையும் பார்க்கச் சொன்னார். சிவப்பின் ஆழத்தில் மெல்லிய கோடுகள் வில்லாக வளைந்து கிடந்தன. அந்த வளைவே சாட்சியாம்.

நவரத்தின மோதிரத்தில் மாணிக்கம் நடுவே அமைவது மரபு. அது சூரியனின் கல். கோயிலில் கதிரவனைச் சுற்றிக் கோள்கள் நிற்பதுபோலவே சந்திரனுக்கு முத்தும், செவ்வாய்க்குப் பவளமும், புதனுக்கு மரகதமும், வியாழனுக்குப் புஷ்பராகமும், சுக்கிரனுக்கு வைரமும், சனிக்கு நீலமும், ராகு கேதுக்களுக்குக் கோமேதகமும் வைடூரியமும் சுற்றி அமையும். திருவிளையாடற் புராணத்தின் மாணிக்கம் விற்ற படலத்தில் வலன் என்னும் அசுரனின் உடலே மணிகளாக மாறுகிறது. குருதி மாணிக்கமாயிற்று, பல் முத்தாயிற்று. நெருப்பையும் நீரையும் விண்ணில் சுழலும் கோள்களையும் விரலில் அணியும் அளவுக்குச் சுருக்கிக்கொள்ள மனிதன் எத்தனை கதைகளைக் கட்டியிருக்கிறான்!

அறிவியல் சொல்வதும் அந்தக் கதைகளுக்குக் குறைந்ததல்ல. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம், குருந்தம். ஆங்கிலேயர் வழங்கும் பெயரே நம் 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான். அதில் சிறிதளவு குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். புராணத்தில் சனி சூரியனின் மகன். கனிமத்திலும் இருவரும் ஒரே குருதி என்பதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. முத்தும் பவளமுமோ கடல் உயிர்கள் விட்டுச்சென்ற சுண்ணாம்பு.

செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை 1902இல் வெளியிட்டவர் வெர்னூய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். அலுமினிய ஆக்சைடுத் தூளை ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் சுடரின் வழியே விழச் செய்தால், 2000 டிகிரிக்கும் மேற்பட்ட வெம்மையில் அது உருகி, துளித்துளியாக உறைந்து கல்லாக வளர்கிறது. நாங்கள் கண்ட வளைகோடுகள் அந்தச் சுடரின் தடங்கள். போலி செய்யும் ஆசையும் புதிதன்று. கடலூருக்கு வடக்கே, 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணிக்கற்களோடு கண்ணாடி மணிகளையும் செய்திருக்கிறார்கள். சூரியனின் கல் என்பதற்குத் தகுதி நெருப்பில் பிறப்பதென்றால், அப்பாவின் மாணிக்கத்துக்கு அந்தத் தகுதி இருந்தது. இவ்வாறெல்லாம் எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

காரணம், 2004 டிசம்பர் 26. பௌர்ணமி நாள், ஞாயிற்றுக்கிழமை. தேவனாம்பட்டினத்தில் நாள்தோறும் வெள்ளிக் கடற்கரையில் நடக்கச் செல்லும் அப்பா, அன்று செய்தித்தாள் வாங்குவதற்காகச் சற்று முன்னதாகத் திரும்பினார். உடன் நடந்த நண்பர், இன்னும் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அமர்ந்துவிட்டார். அவர் வரவில்லை. எங்கள் ஊர் அன்று இழந்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த மோதிரம்தான் அப்பாவைக் காத்தது என்று அம்மா அன்றிலிருந்து நம்பினார், வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அப்பா அதை மறுத்ததில்லை, ஆமோதித்ததுமில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒருமுறை எங்களிடம் மட்டும் சொன்னார்: "அவர் கையிலும் முத்து மோதிரம் இருந்தது." அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கடலிலிருந்து வந்த கல், நிலவின் கல், பௌர்ணமியன்று கடலோரத்தில் அமர்ந்திருந்தவரின் விரலில் இருந்தது. அதற்கு என்ன பொருள் சொல்வது?

மறுவாரம் அம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்றோம். காலையில் ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம். நீர் வழிந்தபோது கல் எது, நீர் எது என்று பிரித்தறிய முடியவில்லை. பின்னர் மாணிக்கக் கூத்தரான ரத்தினசபாபதிக்கு அபிஷேகம் செய்து, முன்னே ஆரத்தி காட்டிய தீட்சிதர், சுடரைச் சிலையின் பின்புறம் கொண்டு சென்றார். அதுவரை இருண்டிருந்த திருமேனி கனலாயிற்று. அம்மா கைகூப்பி நின்றார். ஐம்பூதங்களில் ஆகாயத்துக்குரிய தலம் இது. நீருக்கு ஸ்படிகத்தையும் நெருப்புக்கு மாணிக்கத்தையும் கண்ணெதிரே காட்டிய இடத்தில், ஆகாயத்துக்கு மட்டும் கல் இல்லை. திரை விலகினால் தொங்குவன பொன் வில்வ மாலைகள். அவற்றுக்குப் பின்னால் வெறும் வெளி. வீட்டில் அப்பா அமரும் நாற்காலி நினைவுக்கு வந்தது.

திரும்பும் வழியில் பேருந்திலேயே சொல்லிவிட்டோம். புதுச்சத்திரம் தாண்டும்வரை அம்மா பேசவில்லை. பிறகு, "முத்து?" என்றார்.

"வளர்ப்பு முத்து. ஆனாலும் சிப்பிக்குள் விளைந்ததுதான்" என்றோம்.

"அவர் சம்சாரத்துக்கு அந்த மோதிரமும் திரும்பக் கிடைக்கலை, தெரியுமா?" என்றார். நண்பரின் மனைவியைச் சொல்கிறார் என்பது எங்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அம்மாவுக்கும் அது தெரிந்தே இருந்திருக்கிறது.

வீடு வந்ததும் மோதிரத்தை வாங்கிக்கொண்டார். "இதை விற்க வேண்டாம். உங்களில் யார் இந்த ஊரில் இருக்கிறீர்களோ அவர் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

மூவருமே ஊரில் இல்லை. மோதிரம் அம்மாவிடம்தான் இருக்கிறது.