முதலில் நாடி, பிறகு லேகியம்

செம்பூரில் குடியேறிய நாள் முதல் எனக்கு மின்சார ரயிலே போதுமானதாயிருந்தது. என் மகனுக்கோ மோட்டார் வண்டியென்றால் உயிர். 2018-ஆம் ஆண்டு, தன் சம்பாத்தியத்தில் பழைய மாருதி ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கினான். 2006-இல் செய்யப்பட்டது, 1298 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர், புதிதில் ஏறத்தாழ 87 குதிரைத் திறன்.

அவ்வாண்டு டிசம்பரில் குடும்பத்தோடு புனேக்குச் சென்றோம். கண்டாலா மலையேற்றத்தில் வண்டி மூச்சுத் திணறி இரண்டாம் கியரிலேயே ஊர்ந்தது. லாரிகள்கூட எங்களை முந்திச் சென்றன. அந்த அவமானம் அவன் மனத்தில் தைத்துவிட்டது. ஊர் திரும்பியதும், சிறுகச் சிறுகச் சேர்த்த முப்பத்தைந்தாயிரம் ரூபாயை மேசைமேல் வைத்து ஒரு பட்டியல் எழுதினான்: காற்றைத் தாராளமாக உள்ளே விடும் ஃபில்டர், அகன்ற புகைக்குழாய், எஞ்சின் கம்ப்யூட்டரில் புதிய கணக்கு. எஞ்சினைப் பற்றி யான் அறியேன். வரவு செலவு அறிவேன். ஆகவே உடன் சென்றேன்.

குர்லாவில் எங்களுக்குத் தெரிந்த வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். என் மகன் அவரை "உஸ்தாத்" என்றே அழைப்பான். பட்டியலைப் படித்துவிட்டு அவர் இந்தியில் சொன்னதன் பொருள் இதுதான்: "தம்பி, முதலில் நாடி பார்ப்போம், லேகியம் பிறகு."

பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளந்தார். மூன்று ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தன. நான்காவது கால் பங்கு குறைவு. அதில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெயை விட்டு மீண்டும் அளந்தார். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்து அழுத்தத்தை உயர்த்துமாம். உயரவில்லை. ஆகவே கசிவு வால்வில்தான். "இழந்த சக்தியை மீட்காமல் புதுச் சக்தி தேடுவது, ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது" என்றார். எஞ்சின் சூட்டிலேயே காற்றை இழுக்கும் ஃபில்டரால் ஓசை கூடுமேயன்றி வேகம் கூடாது என்றும், பதிவுப் புத்தகத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்றும் எச்சரித்தார்.

பிறகு, "பிரேக் எப்படி?" என்று கேட்டார்.

மகன் தலை குனிந்தான். "புனேயிலிருந்து திரும்புகையில், மலை இறக்கத்தில் மிதி ஒருமுறை அடிவரை போய்விட்டது, உஸ்தாத். கியரைக் குறைத்துச் சமாளித்தேன். அம்மா பயப்படுவார்களென்று சொல்லவில்லை."

யான் திடுக்கிட்டேன். அவ்வேளையில் முன்னிருக்கையில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தவன் யானே!

பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. நாட்பட்டால் நீண்ட இறக்கத்தின் சூட்டில் கொதித்துக் குமிழியாகும். குமிழி அமுங்குமே தவிர வண்டியை நிறுத்தாது. இதை உஸ்தாத் விளக்கியபோது என் உள்ளங்கை வியர்த்தது.

பட்டியலை மகனே கிழித்தான். புதிய பிரேக் பட்டைகளுக்கும் எண்ணெய்க்கும் ஆறாயிரம். ஹெட்டைக் கழற்றி வால்வுகளைத் தேய்த்து அமர்த்தி, புதிய கேஸ்கெட்டும் டைமிங் பெல்ட்டும் இடப் பத்தொன்பதாயிரம். பிளக்குகளுக்கும் சாதாரண ஃபில்டருக்கும் ஆயிரத்தைந்நூறு. எஞ்சியதை டயருக்கென ஒதுக்கினான். உதிரிப் பொருள்களில் போலி மலிந்திருப்பதால் ரசீதின்றி எதையும் வாங்கவில்லை.

2019-இல் மீண்டும் கண்டாலா ஏறினோம். அதே ஏற்றத்தில் மூன்றாம் கியர் தாங்கிற்று. அவன் முகத்தில் பெருமை. குதிரைத் திறன் ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை, போனது திரும்பியிருந்தது, அவ்வளவே.

திரும்பும்போது இறக்கத்தில் யான் உறங்கவில்லை. "மிதி எப்படியப்பா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"கல்லாக இருக்கிறது அப்பா. இனி எதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன்" என்றான்.